ஒரு நாள் ஒப்பந்தம்: மறக்கப்பட்ட வீரருக்கு மயாமி மார்லின்ஸ் கொடுத்த பேட்டிங் வாய்ப்பு – ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்கப் பேஸ்பாலில் 2005-க்கும் 2012-க்கும் இடையே நடந்த ஒரு நிகழ்வை இங்கே தொடக்கத்திலிருந்து முடிவு வரை பதிவு செய்கிறேன்: சந்தித்த முதல் பந்திலேயே தலையில் அடிபட்டு ஒதுங்கிய ஒரு வீரருக்கு, ஏழு ஆண்டுகள் கழித்து மயாமி மார்லின்ஸ் கிளப் ஒரு நாள் ஒப்பந்தத்தில் மீண்டும் பேட்டிங் வாய்ப்பு கொடுத்தது. நிகழ்வில் நேரடியாகப் பங்கெடுத்தவர்களின் பெயர்களை நிகழ்வு ஆய்வுக்கு உரிய முறைப்படி தவிர்த்திருக்கிறேன். கிளப்புகள், நாட்கள், எண்கள் எல்லாம் பொதுப் பதிவில் உள்ளவை. அதிகம் அறியப்படாத வீரரைக் கௌரவிக்க நினைக்கும் எந்த விளையாட்டுச் சங்கத்துக்கும், கிரிக்கெட் சங்கமோ கபடிக் குழுவோ, இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

பின்னணி: பரிசு நாட்கள்

அமெரிக்கப் பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீக்கில் கிளப் ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் சொந்த மைதானத்தில் 81 ஆட்டங்கள் ஆடுகிறது. ஏறக்குறைய தினமும் ஆட்டம். அத்தனை நாளும் இருக்கைகளை நிரப்புவது லேசான காரியம் இல்லை. அதனால் தொப்பி, சட்டை, பந்து என்று ஏதாவது ஒன்றை வாசலிலேயே இலவசமாகக் கொடுக்கும் வழக்கம் வேரூன்றியது. 1999 மே மாதம் சான் ஃபிரான்சிஸ்கோ ஜெயன்ட்ஸ் கிளப் தன் பழைய நட்சத்திரம் வில்லி மேய்ஸின் தலையாட்டி பொம்மையை ரசிகர்களுக்குக் கொடுத்தது. அது பெரிய வெற்றி பெற்றதும் மற்ற கிளப்புகளும் பின்தொடர்ந்தன. பெரிய நட்சத்திரங்களின் பொம்மைகள் தீர்ந்தபின் மாற்று ஆட்டக்காரர்கள், பழைய வீரர்கள், ஒரு ஆட்டத்தில் மட்டும் பெயர் வாங்கியவர்கள் என்று பட்டியல் நீண்டது.

கூட்டம் சேர்க்கும் இந்த வழக்கத்துக்கு ஒரு இருண்ட பக்கமும் உண்டு. 1951 ஆகஸ்ட் 19 அன்று செயின்ட் லூயிஸ் பிரௌன்ஸ் கிளப்பின் உரிமையாளர் பில் வீக், 3 அடி 7 அங்குல உயரமுள்ள எடி கேடலை அதிகாரப்பூர்வ ஆட்டத்தில் பேட் செய்ய அனுப்பினார். முதுகில் 1/8 என்ற எண். அவ்வளவு குள்ளமானவருக்கு ஸ்டிரைக், அதாவது பேட்டரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட எல்லைக்குள் வரும் பந்து, வீசுவது கடினம் என்பதால் நான்கு பந்தில் ‘வாக்’ கிடைத்தது: அடிக்காமலேயே முதல் பேஸுக்கு, அதாவது ஓட்டப் பாதையின் முதல் முனைக்கு, போகும் உரிமை. அவருக்குப் பதிலாக ஓட வேறொருவர் வந்தார். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. விரைவிலேயே லீக் தலைவர் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்தார். கேடல் 36 வயதில், 1961-இல் இறந்தார். பேஸ்பால் உலகிலிருந்து அவருடைய இறுதிச் சடங்குக்குப் போனவர் ஒருவர்தான்: அன்று அவருக்குப் பந்து வீசிய பிட்சர் பாப் கெய்ன். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு மனிதரை ஆட்டத்துக்குள் கொண்டுவந்து கூட்டம் சேர்ப்பது எவ்வளவு சுலபமாக அவரையே காட்சிப்பொருளாக்கிவிடும் என்பது மார்லின்ஸ் கிளப்பின் முடிவை எடைபோட உதவும்.

2005 ஜூலை 9

இந்த நிகழ்வின் மையமான வீரர் கனெக்டிகட் மாநிலத்தில் வளர்ந்தவர், இடது கை பேட்டர், வெளிக்களக்காரர். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஆடிய அவரை 2002-இல் சிகாகோ கப்ஸ், கிளப்புகள் சுற்றுச் சுற்றாகப் புது வீரர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வில், ஒன்பதாவது சுற்றில் தேர்ந்தெடுத்தது. ஒன்பதாவது சுற்று என்றால் யாரும் பெரிதாக எதிர்பார்க்காத இடம். மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள மைனர் லீக்கின் படிகளை ஒவ்வொன்றாக ஏறி, 24 வயதில் மேஜர் லீக்குக்கு அழைக்கப்பட்டார்.

ஜூலை 9 அன்று மயாமியில் கப்ஸும் அப்போது ஃபுளோரிடா மார்லின்ஸ் என்ற பெயரில் இருந்த கிளப்பும் மோதின. ஒன்பதாவது இன்னிங்ஸில், பிட்சருக்குப் பதிலாக பேட் செய்ய இவரை அனுப்பினார்கள். பெற்றோர் மைதானத்தில் இருந்தார்கள். மேஜர் லீக்கில் அவர் சந்தித்த முதல் பந்து மணிக்கு 92 மைல் வேகத்தில், அதாவது சுமார் 148 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, ஹெல்மெட்டின் விளிம்புக்குக் கீழே, வலது காதுக்குப் பின்னால் தாக்கியது. அந்த வேகத்தில் வரும் பந்து பேட்டரை அடைய அரை நொடிகூட ஆகாது. தலை பிளந்துவிட்டதோ என்று இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டதாக அவர் பிற்காலத்தில் சொன்னார். அவரை வெளியே அழைத்துச் சென்றார்கள். முதல் பேஸுக்கு வேறொருவர் போனார்.

வேண்டுமென்றே வீசப்பட்ட பந்து என்று யாரும் குற்றம் சாட்டவில்லை. கையிலிருந்து நழுவி உள்ளே வந்த பந்து.

பேஸ்பால் கணக்கில் பந்து உடலில் பட்டால் பேட்டருக்கு முதல் பேஸ் கிடைக்கும். அது பேட்டிங் வாய்ப்பாகக் கணக்கில் ஏறாது. ஆக, அவருடைய அதிகாரப்பூர்வப் பதிவு: ஒரு முறை களமிறங்கினார், பேட்டிங் வாய்ப்பு பூஜ்யம், பேஸ் எட்டிய விகிதம் 1.000. காகிதத்தில் குறையே இல்லாத எண்.

அடுத்த ஏழு ஆண்டுகள்

முதலில் லேசான மூளை அதிர்ச்சி என்றுதான் கருதப்பட்டது. சில வாரங்களில் மைனர் லீக்கில் திரும்பவும் ஆட ஆரம்பித்தார். ஆனால் தலைச்சுற்றலும் தலைவலியும் போகவில்லை. பார்வை இரட்டையாகத் தெரிந்தது. குனிந்து ஷூ லேஸ் கட்டுவதே சிரமம் என்ற நிலை. பந்தின் சுழற்சியைக் கண்ணால் பிடித்து அரை நொடிக்குள் முடிவெடுக்க வேண்டிய ஒருவருக்கு இது என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. பேட்டிங் சரிந்தது. 2006-இல் கப்ஸ் அவரை விடுவித்தது. வேறு சில கிளப்புகளின் மைனர் லீக் அணிகளில் ஆடிப் பார்த்தார். அப்புறம் அப்போது மேஜர் லீக்குடன் தொடர்பில்லாதிருந்த அட்லாண்டிக் லீக்கில் பிரிட்ஜ்போர்ட் அணிக்குப் போய்ச் சேர்ந்தார்.

பரிதாபக் கதையாக மட்டும் இதைச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். 2011-இல் அதே அட்லாண்டிக் லீக்கில் அவருக்கு எதிராகப் பந்து வீச வந்தவர், 2005-இல் அவர் தலையில் பந்தை அடித்த அதே பிட்சர். வீரர் பேட்டர் நிற்கும் பெட்டிக்குள் நின்றார், ஒரு சிங்கிள் அடித்தார், அதாவது பந்தை அடித்து முதல் பேஸை எட்டினார். எந்த கிளப்பும் எந்தக் கொண்டாட்டமும் ஏற்பாடு செய்யாத நாள் அது. அந்தப் பயத்தை அவர் தாண்டிவிட்டார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. அடுத்த ஆண்டு மார்லின்ஸ் எடுத்த முடிவு பொறுப்பற்றதா இல்லையா என்பதை எடைபோடும்போதும் இந்த சிங்கிளைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

2012: கோரிக்கை

அந்த ஆண்டு ஒரு ஆவணப்பட இயக்குநர் இந்த வீரருக்கு ஒரே ஒரு பேட்டிங் வாய்ப்பு வேண்டும் என்று பிரசாரம் தொடங்கினார். இணைய மனுவில் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். கோரிக்கை முதலில் போனது கப்ஸிடம். அவர்களுக்காக ஆடியபோதுதானே அடிபட்டார்? கப்ஸ் நல்வாழ்த்துச் சொல்லி மறுத்துவிட்டது.

இதற்காக கப்ஸைப் பலர் திட்டினார்கள். எனக்கு அந்த மறுப்பு நியாயமாகவே படுகிறது. அணிப் பட்டியலில் ஒவ்வொரு இடமும் யாரோ ஒருவர் பத்தாண்டு பாடுபட்டுச் சம்பாதிப்பது. தகுதி அடிப்படையில் மட்டும் இடம் தருவோம் என்று ஒரு கிளப் நின்றால் அதில் தவறு காண முடியாது. இரண்டு நியாயங்கள் எதிரெதிரே நின்றன, அவ்வளவுதான்.

இதற்கிடையே வீரர் சும்மா இருக்கவில்லை. உலக பேஸ்பால் கிளாசிக் தகுதிச் சுற்றில் இஸ்ரேல் அணியில் இடம்பெற்றார். 31 வயதில், உடல் தகுதியோடு, போட்டிக் களத்தில் இருந்தார்.

மார்லின்ஸின் முடிவு, அதன் காரணங்கள்

முன்வந்தது அந்தப் பந்தை வீசிய தரப்பு. 2012 செப்டம்பர் இறுதியில், தேசியத் தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சி ஒன்றில், மார்லின்ஸ் கிளப்பின் தலைவர் அந்த வீரருக்கு ஒரு நாள் ஒப்பந்தம் வழங்குவதாக அறிவித்தார். அக்டோபர் 2, சொந்த மைதானம், எதிரணி நியூயார்க் மெட்ஸ்.

இந்த முடிவு சாத்தியமானதற்கு மூன்று நடைமுறைக் காரணங்கள் இருந்தன. உணர்ச்சிக்குள் இவை மறைந்துபோகின்றன என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

அன்றைய விதிப்படி செப்டம்பர் 1 முதல் ஒரு கிளப் தன் ஆட்டப் பட்டியலை 25 பேரிலிருந்து 40 பேர் வரை விரிக்கலாம். ஜூன் மாதத்தில் இதைச் செய்திருந்தால் ஒரு வீரரை மைனர் லீக்குக்கு இறக்கித்தான் இவருக்கு இடம் தர முடியும். பருவத்தின் கடைசி வாரத்தில் யாருடைய பிழைப்பும் பாதிக்காமல் ஒரு இடம் இருந்தது.

இரண்டாவது, மார்லின்ஸ் அந்தப் பருவத்தில் 93 ஆட்டங்களில் தோற்றுத் தன் பிரிவில் கடைசி இடத்தில் இருந்தது. பருவம் முடிந்ததும் பட்டத்துக்காக நடக்கும் பிந்தைய சுற்றுக்கு அவர்களுக்கும் மெட்ஸுக்கும் வாய்ப்பு இல்லை. அந்த ஒரு பேட்டிங்கால் பிந்தைய சுற்றுக்கு யார் போவது என்பதில் எந்த மாற்றமும் வராது. பட்டத்துக்குப் போராடும் இரண்டு அணிகளுக்கு நடுவே இதைச் செய்திருந்தால் அது மற்ற கிளப்புகளுக்கு இழைக்கும் அநீதியாகியிருக்கும்.

மூன்றாவது காரணம் விளம்பரம். புதிய மைதானம் அந்த ஏப்ரலில்தான் திறந்திருந்தது. அதைக் கட்டப் பெருமளவு பொதுப்பணம் செலவானது பற்றி மயாமியில் கடும் கோபம் இருந்தது. மேலாளர் ஒரு பேட்டியில் ஃபிடல் காஸ்ட்ரோவைப் பற்றிச் சொன்னது கியூப மக்கள் நிறைந்த ஊரைக் கொதிக்க வைத்து, அவர் ஐந்து ஆட்டங்களுக்கு நீக்கப்பட்டிருந்தார். ஜூலையில் முன்னணி வீரரை வேறு கிளப்புக்கு அனுப்பிவிட்டார்கள். நல்ல செய்தி ஒன்று கிளப்புக்கு மிகவும் தேவைப்பட்டது. காலை நிகழ்ச்சியில் அறிவித்த விதமே அதைக் காட்டுகிறது.

விளம்பர நோக்கம் இருந்ததாலேயே பரிசு போலியாகிவிடாது என்பது என் கருத்து. பார்க்க வேண்டியது, கொடுத்தது என்ன என்பதைத்தான். தலையாட்டி பொம்மை கொடுத்திருக்கலாம். ஆட்டத்துக்கு முன் முதல் பந்தை எறியச் சொல்லி, பூங்கொத்துக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். கிளப்புக்குச் செலவு குறைவு, ஆபத்து இல்லை, படம் நன்றாக விழும். அவர்கள் கொடுத்தது அதிகாரப்பூர்வ ஆட்டத்தில், பதிவேட்டில் ஏறும் ஒரு பேட்டிங் வாய்ப்பு. அவர் இழந்த பொருளையே, இழந்த வடிவத்திலேயே கொடுத்தார்கள்.

2012 அக்டோபர் 2

மெட்ஸ் சார்பில் அன்று வீச வந்தவர் மேஜர் லீக்கின் இரு பாதிகளில் ஒன்றான நேஷனல் லீக்கில் அந்தப் பருவத்தின் ஆகச் சிறந்த பிட்சர். சில நாட்களுக்கு முன் 20-வது வெற்றியைப் பெற்றிருந்தார், பிறகு ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதையும் வென்றார். அவருடைய ஆயுதம் நக்கிள்பால்: சுழலாமல், காற்றில் அலைந்து, எந்தப் பக்கம் விழும் என்று கேட்சருக்கே தெரியாத பந்து. வேகம் குறைவு. தலையில் அடிபட்ட ஒருவருக்கு அது ஒரு வகையில் பாதுகாப்பு. தொட்டு ஆடுவதோ மிகக் கடினம். வருடக்கணக்கில் மேஜர் லீக்கில் ஆடியவர்களே அதனிடம் தோற்றுக்கொண்டிருந்த பருவம் அது.

ஆறாவது இன்னிங்ஸின் முதல் பேட்டராக வீரர் வந்தார். கூட்டம் எழுந்து நின்றது. முதல் பந்தை அடிக்காமல் விட்டார், ஸ்டிரைக். அடுத்த இரண்டுக்கும் பேட்டை வீசினார், இரண்டும் தவறின. மூன்று ஸ்டிரைக் ஆனதால் மூன்று பந்தில் ஆட்டமிழந்தார். திரும்பி வந்தபோது சக வீரர்கள் வரிசையாக வந்து அணைத்துக்கொண்டார்கள். அடுத்த இன்னிங்ஸில் அவர் களமிறங்கவில்லை.

பிட்சர் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த நிகழ்வில் அதிகம் பாராட்டப்படாத நல்ல செயல் இதுதான். நேராக, மெதுவாக ஒரு பந்தைப் போட்டு அவரை அடிக்க விட்டிருந்தால் கூட்டம் இன்னும் சந்தோஷப்பட்டிருக்கும், தொலைக்காட்சிக்கும் நல்ல காட்சி கிடைத்திருக்கும். ஆனால் அந்த ஹிட்டுக்கு என்ன மதிப்பு? கேடலுக்கு நடந்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கேடலை யாரும் பேட்டராக எண்ணவில்லை, பேட்டை வீசாதே என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். இவருக்கு எதிராக ஒரு தலைசிறந்த பிட்சர் தன் சிறந்த பந்தைப் போட்டார்.

அன்றோடு அவருடைய பதிவு மாறியது: இரண்டு முறை களமிறங்கினார், ஒரு பேட்டிங் வாய்ப்பு, ஹிட் இல்லை, பேஸ் எட்டிய விகிதம் .500. எண்கள் இறங்கின, மேஜர் லீக்கில் பேட் செய்தவர் என்ற வரி ஏறியது. 1955-இல் ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் அணிக்காக ஒரே முறை களமிறங்கி, பந்தால் அடிபட்டு, பிறகு மேஜர் லீக்கில் ஆடவே ஆடாத வீரர் ஒருவர் இருக்கிறார். அதுவரை இவரும் அதே பட்டியலில் இருந்தார்.

எழுந்த எதிர்ப்புகள்

இது வெறும் வித்தை, ஆட்டத்தின் மதிப்பைக் குறைக்கிறது என்று சில விமர்சகர்கள் எழுதினார்கள். பாதுகாப்பு பற்றிய கேள்விதான் எனக்குக் கனமாகத் தோன்றுகிறது. 1920-இல் ரே சாப்மன் தலையில் பந்து பட்டு மறுநாள் இறந்தார், மேஜர் லீக்கில் அப்படி இறந்தவர் அவர் ஒருவரே. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு 2014 நவம்பரில் சிட்னியில் ஃபிலிப் ஹியூஸுக்கு நடந்தது நினைவிருக்கும். ஹெல்மெட் மூடாத இடத்தில் பட்ட ஒரு பந்து. ஏற்கெனவே காயப்பட்ட தலையோடு ஒருவரை மறுபடி நிறுத்துவதை உணர்ச்சி அலை முடிவு செய்யக் கூடாது. இந்த வீரர் இடைப்பட்ட ஆண்டுகளில் பெரும்பாலும் தொழில்முறையாக ஆடிக்கொண்டிருந்தவர் என்பதால் இங்கே முடிவு ஏற்கத்தக்கது. ஏழு ஆண்டுகள் மட்டையையே தொடாத ஒருவராக இருந்திருந்தால் நான் எதிர்த்திருப்பேன்.

பிறகு நடந்தவை

ஒரு நாள் சம்பளம் சுமார் 2,600 டாலர். ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளம் 4,80,000 டாலரைப் பருவத்தின் நாட்களால் வகுத்த கணக்கு. அந்தத் தொகையை அவர் விளையாட்டில் ஏற்படும் மூளை அதிர்ச்சி பற்றி ஆராயும் ஒரு அமைப்புக்குக் கொடுத்தார். வீரர்களின் படம் போட்ட அட்டைகளை வெளியிடும் டாப்ஸ் நிறுவனம் 2013 வரிசையில் அவருக்கு ஒரு பேஸ்பால் அட்டை வெளியிட்டது. பால்டிமோர் ஓரியோல்ஸ் அவருடன் மைனர் லீக் ஒப்பந்தம் செய்து, 2013 வசந்தகாலப் பயிற்சியின்போது விடுவித்தது. 2014-இல் ஓய்வை அறிவித்தார்.

கிளப்புக்குக் கிடைத்த நல்ல பெயர் சில வாரங்கள்கூட நிற்கவில்லை. நவம்பரில் மார்லின்ஸ் தன் விலையுயர்ந்த வீரர்களை மொத்தமாக டொரன்டோ புளூ ஜேஸுக்கு அனுப்பியது. மயாமி ரசிகர்களின் கோபம் முன்பைவிட அதிகமானது. ஒரு நாள் பரிசால் கிளப் இழந்த நம்பிக்கையை மீட்க முடியவில்லை. வீரருக்குக் கிடைத்ததோ அப்படியே இருக்கிறது. பதிவேட்டிலிருந்து அதை யாரும் அழிக்க முடியாது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதே போன்ற கௌரவத்தைத் திட்டமிடும் கிளப்புக்கு நான் சொல்வது முதலில் மருத்துவம் பற்றியது. தலைக் காயத்தில் நிபுணத்துவம் உள்ள, கிளப்புடன் தொடர்பில்லாத ஒரு மருத்துவர் பரிசோதித்து அனுமதி தந்த பிறகே தொலைக்காட்சி அறிவிப்பு வர வேண்டும். லட்சக்கணக்கானோர் பார்க்க அறிவித்துவிட்டால் அப்புறம் வீரரால் வேண்டாம் என்று சொல்லவே முடியாது. அறிவிப்புக்கு முன் அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும், மறுக்க உண்மையான வழியும் இருக்க வேண்டும்.

பந்தை வீசியவரையும் நினைக்க வேண்டும். இந்தக் கதை சொல்லப்படும் ஒவ்வொரு முறையும் 2005-இன் அந்தப் பந்து திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. தவறி வீசிய ஒருவரைக் காலம் முழுக்க வில்லனாக வைத்திருக்கும் விழா முழுமையான விழா ஆகாது. 2011-இல் இருவரும் மீண்டும் எதிரெதிரே நின்றதைச் சேர்த்துச் சொன்னாலே போதும், கதை நேராகிவிடும்.

கூட்டத்துக்கு ஏதாவது கொடுப்பதானால், வீரரின் முழு வாழ்க்கையையும் சொல்லும் ஒரு சிறு அட்டையைக் கொடுக்கலாம்: எந்த ஊர், எந்த மைனர் லீக் அணிகள், அடிபட்ட பிறகு எத்தனை ஆண்டுகள் ஆடினார் என்று. மூன்று பந்துகளைப் பார்க்க வந்தவர்கள் அந்த ஆண்டுகளையும் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள்.

கடைசியாகப் பணம். வீரர் தன் சம்பளத்தைத் தானமாகக் கொடுத்தார். ஒரு நாள் ஒப்பந்தம் போடும் கிளப், அந்த ஆட்டத்தின் டிக்கெட் வருமானத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே அறிவித்து மூளை அதிர்ச்சி ஆராய்ச்சிக்கு ஒதுக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்திலேயே அதை எழுதிவிடலாம்.